ரோலர் தண்டைச் சோதிக்கும்போது திரை குழப்பினால்: அறிகுறி வாரியாகச் சில வழிகள்

மொரிஷியசில் ஜூன் தொடங்கி வருடக் கடைசி வரை கரும்பு வெட்டு. அதை இங்கே எல்லோரும் ‘கூப்’ என்பார்கள். அது முடிந்து அடுத்த வெட்டு தொடங்குவதற்குள் இருக்கும் மாதங்கள்தான் எங்களுக்கு வேலைக் காலம். ஆலையைப் பிரித்துப் போட்டு, கரும்பை நசுக்கும் ரோலர்களைக் கிரேனில் தூக்கி வெளியே வைத்து, தண்டுக்குள் விரிசல் ஓடியிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்ப்போம். தைப்பூசக் காவடியும் அந்தச் சமயத்தில்தான் வரும். ஆட்களில் பாதிப்பேர் பத்து நாள் விரதத்தில் இருப்பார்கள். அவர்களை மதிய வெயிலில் ரோலர் மேல் ஏற்றாதீர்கள், காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயிலைப் பற்றிப் பேச வேறு காரணமும் உண்டு, பின்னால் வரும்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் பையன்கள் பெரும்பாலும் வெல்டு தகட்டில் கற்றுக்கொண்டு வருகிறார்கள். 20 மி.மீ. தகடு வேறு, 4 மீட்டர் தண்டு வேறு. திரையில் ஏதாவது விசித்திரமாக வந்ததும் ஒன்று பயந்து விரிசல் என்று எழுதிவிடுகிறார்கள், அல்லது ‘இது சும்மா’ என்று தள்ளிவிடுகிறார்கள். நான் இரண்டையும் செய்து மாட்டிக்கொண்டவன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் தண்டைப் புரிந்துகொள்ள வேண்டும். நடுவில் அடித்து உருவாக்கிய எஃகுத் தண்டு. அதன்மேல் சூடாக்கி ஏற்றி இறுகவிட்ட வார்ப்பிரும்பு ஷெல். ஷெல்லுக்கு வெளியே பேரிங்கில் உட்காரும் ஜர்னல், அதற்கும் அப்பால் சதுர முனை. ரோலர் மெதுவாகத்தான் சுற்றும். நிமிடத்துக்கு 5 சுற்று என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 7,200. 150 நாள் அரைத்தால் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தண்டின் மேற்பரப்பு ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை அமுங்குகிறது. ஜர்னல் தடிக்கும் வளைவிலும் ஷெல்லின் விளிம்புக்கு அடியிலும்தான் களைப்பு விரிசல் பிறக்கும். வேறு இடத்தில் நான் பார்த்தது அபூர்வம்.

கருவியின் சங்கதி எளிது. தண்டின்மேல் வைக்கும் புரோப்புக்குள் ஒரு படிகம் ஒலியை அனுப்பிக் கத்துகிறது, பிறகு அதுவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. திரும்பி வரும் எதிரொலி, அது வந்த தூரத்துக்கு ஏற்ற இடத்தில் திரையில் முள்ளாக எழும். அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 1942இல் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. எஃகுக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 5,920 மீட்டர் ஓடும். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கணக்கு அதிலிருந்துதான்.

பின்சுவர் எதிரொலி வரவே இல்லை

தண்டின் ஒரு முனையில் 2 மெகாஹெர்ட்ஸ், 24 மி.மீ. நேர் புரோப்பை (ஒலியை நேராக உள்ளே அனுப்புவது) வைக்கிறீர்கள். எதிர்முனையில் பட்டுத் திரும்பி 4 மீட்டரில் நிற்க வேண்டிய எதிரொலி, அதாவது பின்சுவர், இல்லை. எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினைத் திருகாதீர்கள். முதலில் புரோப்பை எடுத்து, கருவியைச் சரிபார்க்கும் எஃகு அளவுக் கட்டையான வி1இல் வையுங்கள். 25 மி.மீ. கனத்துக்கு வரிசையாக எதிரொலிகள் வந்தால் கருவி, கேபிள், புரோப் மூன்றும் நலம். வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள். பத்துக்கு எட்டுத் தடவை, கேபிளின் முனை வளையும் இடத்தில்தான் கோளாறு.

கட்டையில் சரியாக இருந்து தண்டில் இல்லை என்றால், முனையைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து தொங்குகிறதா, கிரைண்டர் போட்டவன் மேடு பள்ளமாக விட்டிருக்கிறானா, கடைசலில் பிடிக்கப் போட்ட நடுக்குழியின் மேல் புரோப் பாதி ஏறியிருக்கிறதா? எதிர்முனையும் இதே யோக்கியதையில் இருக்க வேண்டும். அது செங்குத்தாக வெட்டப்படாமல் சாய்ந்திருந்தால் ஒலி திரும்பி வராது. துடைத்து, சமப்படுத்தி, தாராளமாகக் கிரீஸ் போட்டு மறுபடி பாருங்கள்.

ஒரு பையன் காலை முழுக்க ‘எல்லா ரோலரும் அழுகிப்போயிருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் புரோப்பை ஷெல்லின் முகப்பில் வைத்திருக்கிறான். அது வார்ப்பிரும்பு. அதற்குள் இருக்கும் கிராஃபைட் துணுக்குகள் ஒலியைச் சிதறடித்துத் தின்றுவிடும். தண்டு எங்கே முடிகிறது, ஷெல் எங்கே தொடங்குகிறது என்பது எண்ணெயும் துருவும் படிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது, கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்தால் கோடு தெரியும்.

இத்தனையும் சரி, முனையில் எங்கே வைத்தாலும் பின்சுவர் இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் படுத்துவிடுகிறது என்றால்தான் உள்ளே ஏதோ மறிக்கிறது என்று பேச வேண்டும். சாய்ந்து கிடக்கும் குறை தன் எதிரொலியை நமக்கு அனுப்பாது, பின்சுவரை மட்டும் மறைக்கும். திரை வெறுமையாக இருப்பதும் ஒரு செய்திதான்.

பின்சுவருக்குப் பிறகு வரிசையாக எதிரொலிகள்

இது புதியவர்களை ரொம்பப் பயமுறுத்தும், ஆனால் ஆபத்தில்லாதது. நீளத் தண்டில் ஒலிக் கதிர் விரிந்து பக்கச் சுவரைத் தொடும். தொடும்போது ஒரு பகுதி குறுக்கலையாக (துகள்கள் பக்கவாட்டில் ஆடும் அலை) மாறித் தண்டைக் குறுக்கே கடந்து, மறுபடி நெட்டலையாகி (துகள்கள் போகும் திசையிலேயே ஆடும் அலை) போகும். குறுக்கலை மெதுவானது, விநாடிக்குச் சுமார் 3,230 மீட்டர். அதனால் தாமதமாக வந்து சேரும். கணக்கு இதுதான்: தண்டு விட்டத்தின் 0.76 மடங்கு பின்னால் முதல் வால், இன்னொரு 0.76 மடங்கு பின்னால் அடுத்த வால். 400 மி.மீ. விட்டமென்றால் சுமார் 305 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளி ஒத்துவந்தால் மறந்துவிடுங்கள். தண்டின் நீளத்தை டேப் போட்டு அளக்காமல், வாலையே பின்சுவர் என்று நினைத்துக்கொண்டால்தான் வம்பு. அப்போது உண்மையான பின்சுவர் விரிசல் மாதிரி முன்னால் நிற்கும்.

எதிரொலி ஒன்று நடமாடுகிறது

இது என் கதை. வந்து இரண்டாம் வருடம். நல்ல நுண்மணி அடிப்பு எஃகு, பின்சுவர் கம்பீரமாக நிற்கிறது, திரையின் அடியில் புல்லாக முளைக்கும் இரைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் 600 மி.மீ.யில் கூர்மையாக ஒன்று. ஷெல் தொடங்கும் இடமும் ஏறக்குறைய அதுவே. முனையில் எந்தப் பக்கம் வைத்தாலும் இருந்தது. சுற்று முழுக்க விரிசல் என்று எழுதிக் கொடுத்தேன். ரோலர் ஒதுக்கி வைக்கப்பட்டது. மாற்றுத் தண்டு கப்பலில் வர எத்தனை மாதம் என்று மேலே பேச்சு ஓடியது. மூன்றாம் நாள் வெளியிலிருந்து வந்த ஒரு பெரியவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கருவியில் பி.ஆர்.எஃப். (விநாடிக்கு எத்தனை தடவை கத்த வேண்டும் என்ற எண்) என்று இருந்ததை 400லிருந்து கொஞ்சம் குறைத்தார். என் விரிசல் எழுந்து நடந்து 400 மி.மீ.க்குப் போய்விட்டது. இன்னும் குறைத்தார், காணாமலே போனது. என் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

நடந்தது என்னவென்றால், கருவி விநாடிக்கு 400 தடவை கத்துகிறது, அதாவது 2.5 மில்லி விநாடிக்கு ஒருமுறை. 4 மீட்டர் போய்த் திரும்ப 8 மீட்டர், அதற்கு 1.35 மில்லி விநாடி. ஒலி அத்தோடு சாவதில்லை. இன்னொரு தடவை போய்த் திரும்பும்போது 2.7. அதற்குள் கருவி அடுத்த கத்தலைப் போட்டு 0.2 மில்லி விநாடி ஆகிவிட்டது. போன கத்தலின் இரண்டாம் எதிரொலி, இந்தக் கத்தலின் எதிரொலிபோல 600 மி.மீ.யில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எஃகு நல்லதாக இருக்க இருக்க இந்தப் பேய் அதிகம். மோசமான எஃகில் ஒலி ஒரே பயணத்தில் செத்துவிடும், பேய் வராது.

ஆகவே நீளத் தண்டில் சந்தேகமான எதிரொலி எதைக் கண்டாலும் முதல் வேலை பி.ஆர்.எஃப்.பை மாற்றிப் பார்ப்பது. நகர்ந்தால் பேய். நகராமல் நின்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள். என் கணக்கில் 4 மீட்டருக்கு 100க்குக் கீழே வைத்தால் நிம்மதி. படம் கொஞ்சம் மந்தமாகத் தெரியும், புரோப்பை மெதுவாக நகர்த்துங்கள். சில கருவிகளில் அது தானாக மாறும்படி விட்டிருப்பார்கள், அதைக் கையால் மாற்றும்படி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே இடத்தில் எதிரொலி, நகரவில்லை: தண்டின் வடிவமா, விரிசலா?

இதுதான் முழு வேலையும். மற்றதெல்லாம் இதற்கு முன் கழித்துக்கட்ட வேண்டியவை.

படத்தை எடுத்து மேசையில் விரியுங்கள், ஆலையில் இருக்கும் தண்டின் வரைபடத்தைச் சொல்கிறேன். நீங்கள் நிற்கும் முனையிலிருந்து தண்டு சதுரமாகத் தொடங்கி, ஜர்னலாகி, உடம்பாகத் தடிக்கிறது. தடிக்கிற இடம் ஒலிக்குத் தடையே இல்லை, வாசல் பெரிதாகிறது, அவ்வளவுதான். எனவே உங்கள் பக்கத்து ஜர்னல் வளைவிலிருந்து ஒரு நல்ல தண்டு பெரிதாக எதையும் திருப்பி அனுப்ப நியாயமில்லை. அங்கே ஒன்று நின்றால் உட்கார்ந்து யோசியுங்கள். எதிர்முனையில் கதை தலைகீழ். உடம்பு ஜர்னலாகச் சிறுக்கும் தோள் உங்களை நேராகப் பார்த்து நிற்கிறது, பலமாக எதிரொலிக்கும். அங்கே விரிசல் இருந்தாலும் அந்தத் தோளின் நிழலில் ஒளிந்துகொள்ளும். ஆகவே இரண்டு முனையிலிருந்தும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முனையிலிருந்தும் அந்தப் பாதிக்கு மட்டும் தீர்ப்பு. ‘ஒரு முனை பேரிங் கழட்டவில்லை, இந்தப் பக்கம் மட்டும் பார்த்துவிடு’ என்று யாராவது சொன்னால், பாதித் தண்டுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

ஷெல் விளிம்பு தனி ரகம். இறுக்கமாக ஏறியிருக்கும் ஷெல்லுக்குள் ஒலி கொஞ்சம் கசியும், விளிம்பில் ஒரு சின்ன எதிரொலி வரும். அது இயல்பானது. ஆனால் அதே இடத்தில்தான் ஷெல்லும் தண்டும் நுணுக்கமாக உரசி உரசி விரிசலும் தொடங்கும். வடிவமும் விரிசலும் ஒரே வாசலில் குடியிருந்தால் எப்படிப் பிரிப்பது?

கடிகாரம் போடுங்கள். முனை முகப்பில் சாக்பீஸால் 12 குறி. ஒவ்வொரு மணியிலும், நடுவிலிருந்து ஒரே தூரத்தில் புரோப்பை வைத்து, அந்த எதிரொலியைத் திரையின் 80 சதவீத உயரத்துக்குக் கொண்டுவர எத்தனை டெசிபல் தேவை என்று எழுதுங்கள். உயரத்தை எழுதாதீர்கள், டெசிபலை எழுதுங்கள். 6 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 20 என்றால் பத்து மடங்கு. வடிவத்தால் வருவது 12 மணியிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், இரண்டு மூன்று டெசிபல் இங்கே அங்கே. விரிசல் ஒரு பக்கம் பிறப்பது. அடுத்தடுத்த மூன்று நான்கு மணிகளில் உயர்ந்து, இரு பக்கமும் சரியும். ஒரே மணியில் மட்டும் துள்ளி நிற்காது, ஏனென்றால் 24 மி.மீ. புரோப்பின் கதிர் 600 மி.மீ. போவதற்குள் இரு பக்கமும் 90 மி.மீ. அளவுக்கு விரிந்துவிடும், பக்கத்து மணியிலிருந்தும் அதைப் பார்க்கும்.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: சாவிப்பள்ளம். பல்சக்கரம் மாட்ட வெட்டிய பள்ளத்தின் முனை ஒரு பக்கம் மட்டும்தான் எதிரொலிக்கும், விரிசலைப் போலவே. வரைபடத்தில் பள்ளம் எங்கே முடிகிறது என்று பார்த்து, தூரமும் மணியும் இரண்டும் பொருந்தினால் மட்டும் கழியுங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது.

என்னுடைய இரண்டாவது தவறு இங்கேதான். பேய்க்கதைக்குப் பிறகு நான் ரொம்பச் சந்தேகக்காரனாகிவிட்டேன், விரிசலைச் சந்தேகிக்கவில்லை, திரையைச் சந்தேகித்தேன். ஒரு ரோலரில் ஷெல் விளிம்புத் தூரத்தில் எதிரொலி. 2, 3, 4 மணிகளில் மற்ற இடத்தைவிட 8 டெசிபல் அதிகம். ஷெல் அந்தப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வருடத் தாள் எங்கே என்று தேடவும் இல்லை. ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு, அரைப்பு முழு வேகத்தில் இருக்கும்போது தண்டு அங்கேயே துண்டானது. வெட்டிய கரும்பு லாரிகளில் காத்திருந்தது. காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சர்க்கரை குறையும் என்பது ஆலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், யாரும் என்னிடம் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். உடைந்த முகத்தைப் பார்த்தேன். 3 மணியிலிருந்து உள்ளே, அலை வாங்கிப்போன மணலில் கோடுகள் நிற்குமே, அப்படி வரி வரியாகப் பழைய விரிசல். துருவேறி, பல கூப்களாக வளர்ந்தது. மீதி மட்டும் பளபளவென்று புதிய முறிவு.

அதனால், கடிகாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னும் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, ரோலரைப் பாதிச் சுற்றுத் திருப்பச் சொல்லுங்கள். கிரேன் ஓட்டும் தோந்தோன் (கிரியோலில் ‘மாமா’) முனகுவார், முனகட்டும். ரோலர் தன் எடையில் தொய்கிறது. எங்கே தாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் இழுபட்டு விரிசல் வாய் திறக்கும், மறுபக்கம் அமுங்கி மூடும். மூடிய விரிசல், அதிலும் உள்ளே எண்ணெய் ஊறியது, ஒலியைக் கடத்திவிடும். திருப்பியதும் எதிரொலி உயரம் மாறினால் அது ஷெல் இறுக்கம் அல்ல.

இரண்டு, ஜர்னல் மேல் 45° சாய்வுப் புரோப்பை (ஒலியைச் சாய்வாக உள்ளே அனுப்புவது) வைத்து, எதிர்ப்புறத்தில் ஷெல்லுக்கு அடியில் பாயும்படி பாருங்கள். விட்டம் 400 மி.மீ. என்றால் கதிர் எதிர்ப்புறத்தைத் தொடும் இடம் நின்ற இடத்திலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்கும், பாதை நீளம் 566 மி.மீ. செங்குத்தாக வளர்ந்த விரிசலும் மேற்பரப்பும் சேர்ந்து ஒரு மூலையாகி ஒலியை வந்த வழியே திருப்பும், அசல் எதிரொலி சும்மா பளிச்சென்று நிற்கும். நேர் புரோப்பும் சாய்வுப் புரோப்பும் ஒரே இடத்தைக் காட்டினால் எழுதிக் கொடுத்துவிடலாம். எதிரொலி கையெட்டும் மேற்பரப்பிலிருந்து வருவதாகக் கணக்கு வந்தால், அங்கே எண்ணெய் தொட்ட விரலால் அழுத்திப் பாருங்கள். திரையில் அது துடித்தால் இடம் அதுவேதான். ஷெல்லுக்கு அடியில் இந்த வித்தை செல்லாது.

சாய்வுப் புரோப் காட்டும் இடம் தள்ளிப்போகிறது

வெயில். புரோப்பின் அடியில் இருக்கும் ஆப்பு பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக். அது சூடானால் அதற்குள் ஒலி மெதுவாகும், எஃகுக்குள் நுழையும் கோணம் கூடும். காலையில் நிழலில் 45° என்று அளவு சரிபார்த்துவிட்டு, மதியம் திறந்த வெளியில் சூடேறிய தண்டில் வைத்தால் கோணம் அதுவாக இருக்காது, 70° புரோப்பில் இன்னும் மோசம். அளவுக் கட்டையையும் தண்டுக்குப் பக்கத்திலேயே வெயிலில் வைத்து, அங்கேயே சரிபாருங்கள்.

மற்றொரு காரணம் தேய்மானம். புரோப்பின் மூக்குப் பக்கம் தேய்ந்தால் கோணம் குறையும், குதிகால் பக்கம் தேய்ந்தால் கூடும். வளைந்த ஜர்னலில் ஒரு வாரம் தேய்த்தால் போதும்.

புல்லாக முளைத்து எதுவும் தெரியவில்லை

உள்ளே இருக்கும் உலோக மணிகள் பெரிதாக, கரடுமுரடாக உள்ள எஃகு. பழைய தண்டுகளில் வரும். 4 மெகாஹெர்ட்ஸ் வைத்திருந்தால் 2க்கு இறங்குங்கள், 2 என்றால் 1. அலைநீளம் பெரிதாகும், மணிகள் கண்ணில் படாது. சின்னக் குறைகளும் படாது, அது விலை. நாம் தேடுவது தண்டை உடைக்கும் விரிசல் என்பதால் அந்த விலை கொடுக்கலாம்.

கனம் அளக்கும்போது எண் நம்பும்படி இல்லை

தண்டு முடிந்ததும் பாய்லர் குழாய்க்கு உங்களைத்தான் அனுப்புவார்கள். சக்கையோடு வரும் மணல் குழாயைத் தின்னும். 4 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 3.6 என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் நிதானியுங்கள். குழாய் 1.8 ஆகத் தேய்ந்து, கருவி முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்திருக்கலாம். திரை அலையைக் காட்டும் கருவியில் பார்த்தால் உடனே தெரியும், எண் மட்டும் காட்டும் கருவி சொல்லாது. பெயின்ட் மேலே வைத்தால் பெயின்டின் கனத்தை ஏறக்குறைய இரண்டரை மடங்காக்கிச் சேர்த்துக்கொள்ளும். சூடான குழாயில் ஒலி மெதுவாகும், வெப்பம் ஏறும் ஒவ்வொரு 55 டிகிரி செல்சியசுக்கும் சுமார் 1 சதவீதம் கனம் கூடுதலாகக் காட்டும். கவனியுங்கள், இந்த மூன்று தவறும் குழாயைத் தடிமனாகவே காட்டுகின்றன.

இரட்டைப் படிகப் புரோப்பின் (ஒரு படிகம் கத்த, மற்றது கேட்கும்) நடுக்கோடு குழாயின் நீளத்துக்குக் குறுக்கே இருக்கட்டும். அதே இடத்தில் திருப்பியும் ஒரு தடவை வைத்துப் பார்த்து, குறைந்த எண்ணை எழுதுங்கள்.

திரை முழுக்க முட்கள் துள்ளுகின்றன, எந்த ஒழுங்கும் இல்லை

புரோப்பைத் தண்டிலிருந்து எடுத்துக் காற்றில் பிடியுங்கள். இன்னும் துள்ளுகிறதா? அப்படியென்றால் தண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்துக் கொட்டகையில் யாரோ ரோலர் பற்களுக்குக் கரும்பைப் பிடிக்கும்படி வெல்டிங் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள், வெல்டிங் பூமிக் கம்பி உங்கள் ரோலர் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். போனால் அதை முதலில் கழட்டச் சொல்லுங்கள், பேரிங் பரப்பில் பொறி பறந்தால் அது வேறு தலைவலி. எதுவும் உதவவில்லை என்றால் வெல்டர் ஒரு குச்சியை முடித்துவிட்டு மறு குச்சி மாட்டும் இடைவெளியில் படித்து எழுதலாம். நான் அப்படிச் செய்வதில்லை. அவர் அந்த வரிசையை முடிக்கும்வரை ஒரு வனிலா டீ குடித்துவிட்டு வருவேன்.